ஆஸ்பத்திரியில் போடும் கையெழுத்து: நோயாளிக்கு யார் எதற்குப் பொறுப்பு?

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பூச்சி தொட்டுவிடுகிறது. இருட்டில் பாம்பு என்று பேர் சொல்ல மாட்டார்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பக்கத்து ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ‘‘இங்க வச்சுப் பாக்க முடியாது, ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க’’ என்கிறார்கள். ஹைகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கூடவே ஒரு தாள் நீட்டப்படுகிறது: ‘‘அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து போடுங்க.’’ எதற்கு என்று கேட்டால் ‘ரூல்ஸ்’ என்ற பதில்தான் வரும். தாளில், ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று அச்சடித்திருக்கும்.

அந்த ஒரு வரியால் பொறுப்பு கைமாறிவிடுகிறதா? இல்லை. நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்பதற்குச் சாட்சியாகத்தான் ஆஸ்பத்திரித் தாள்கள் இருக்கின்றன. செய்யாமல் விட்டதை எந்தக் கையெழுத்தும் ஈடுசெய்யாது. எந்தக் கடமைக்கு எந்தத் தாள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இரண்டு சொற்கள்

*சட்டப் பொறுப்பு* என்பது மீறினால் நீதிமன்றம், நுகர்வோர் ஆணையம், காவல் நிலையம் என்று போகக்கூடியது. *நெறிப் பொறுப்பு* என்பது தொழிலுக்கான ஒழுக்க விதி. மருத்துவர்களுக்கு அது 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, சில வாரங்களிலேயே நிறுத்திவைத்தது. அதனால் 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. இவற்றை மீறினால் மருத்துவரின் பதிவையே குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கலாம்.

இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகவே வரும். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்வது நெறிப் பிழை. சில நோய்கள், சில சிகிச்சைகள் சம்பந்தப்பட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

பொறுப்பு மருத்துவரோடு முடிவதும் இல்லை. செவிலியர், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர், 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு. அவர்கள் செய்யும் பிழைக்கு அவர்களை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரியும் பொறுப்பேற்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்று வந்தால்

சாதாரணக் காய்ச்சலுக்கு யாரைப் பார்ப்பது, யாரைப் பார்க்காமல் இருப்பது என்று தனியார் மருத்துவர் முடிவெடுக்கலாம். அவசரத்தில் அந்த உரிமை இல்லை. ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் இடித்தது. கொண்டுபோன ஆஸ்பத்திரி, போலீஸ் கேஸைப் பார்க்க அனுமதி உள்ள வேறு இடத்துக்குப் போகச் சொன்னது. அந்த இடம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவர் வழியிலேயே இறந்தார். அதை ஒட்டி வந்த பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவராக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் உயிரைக் காக்கும் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், காவல் துறைச் சடங்குகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்தவரைப் பல அரசு ஆஸ்பத்திரிகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய இன்னொரு வழக்கில், 1996-இல் அதே நீதிமன்றம் இது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் விபத்தில் அடிபட்டவரை மருத்துவர் உடனே கவனிக்க வேண்டும் என்கிறது.

பாலியல் வன்முறையிலோ அமில வீச்சிலோ பாதிக்கப்பட்டவர் வந்தால் கடமை இன்னும் இறுக்கமானது. எந்த ஆஸ்பத்திரியானாலும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தந்து, காவல் துறைக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

பணம் பற்றி: சாலை விபத்து என்றால் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. பதிவு பெற்ற ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்றெல்லாம் பார்க்கத் தேவையில்லை. ‘முன்பணம் கட்டினால்தான் உள்ளே’ என்ற பேச்சுக்கு விபத்துக் கேஸில் இடமே இல்லை.

பாம்புக்கடியில் ‘உடனே’ என்பதன் பொருள்

‘முதலுதவி செய்துதான் அனுப்பினோம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரியும்? பாம்புக்கடியை வைத்தே பார்க்கலாம். நம் பக்கத்தில் அது அடிக்கடி வருகிற ஒன்று. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. வரும் ஒவ்வொரு கேஸையும் ஆஸ்பத்திரி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

1. மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கண் இமை சரிகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்த்து நேரத்தோடு எழுத வேண்டும்.

2. 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை. நரம்பிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்து, ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போன்றவற்றின் விஷம் இரத்தத்தைப் பாதித்துவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்புப்பொடி போட்டுக் கழுவிய குழாயில் செய்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், முடிவு தப்பாகிவிடும். இந்தச் சோதனைக்கு லேப் வேண்டாம், கரண்டு வேண்டாம். ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். ‘வசதி இல்லை’ என்ற காரணம் இங்கே செல்லாது.

3. இரத்தம் உறைந்துவிட்டது என்பதாலேயே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். கடிவாய் தெரியாது, வலியும் அதிகம் இராது. வயிற்றுவலி என்று தொடங்கி, இமை சரிந்து, மூச்சுத் தசைகள் வரை போகும். நல்ல பாம்புக் கடியிலும் உறைவுச் சோதனை சரியாகவே இருக்கும். அதனால் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

4. விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். முதல் தவணை பொதுவாக 8 முதல் 10 குப்பி, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு செலுத்திய விஷத்துக்குத்தான் மருந்து, ஆளின் எடைக்கு அல்ல. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

அந்த ஒவ்வாமைப் பயம்தான் பல சிறிய ஆஸ்பத்திரிகள் மருந்தைத் தொடாமலே அனுப்பிவிடக் காரணம். பயம் நியாயமானது. ராத்திரியில் ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில் நடுக்கம் வரத்தான் செய்யும். ஆனால் களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் விஷம் காத்திருக்காது. முதல் தவணையை ஏற்றிக்கொண்டே 108-இல் அனுப்புவதும், வெறும் கையோடு பைக்கில் அனுப்புவதும் ஒன்றல்ல.

அனுப்புவது வேறு, ‘சொந்தப் பொறுப்பு’ வேறு

இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. இரண்டு வகையான வெளியேற்றம் உண்டு.

*மேல்சிகிச்சைக்கு அனுப்புதல்:* ‘எங்களால் முடியாது, அங்கே போங்கள்’ என்று ஆஸ்பத்திரி சொல்வது. முடிவு ஆஸ்பத்திரியுடையது. நிலைப்படுத்துவது, வண்டி ஏற்பாடு செய்வது, போகிற இடத்துக்கு முன்தகவல் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை.

*மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுதல்:* ‘இருங்கள்’ என்று மருத்துவர் சொல்லியும் குடும்பத்தார் கூட்டிக்கொண்டு போவது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சுருக்கமாக ‘லாமா’ என்பார்கள். முடிவு குடும்பத்துடையது. அதற்குத்தான் ‘சொந்தப் பொறுப்பு’ என்ற தாள்.

போகச் சொன்னதே ஆஸ்பத்திரி என்றால், லாமா தாளில் கையெழுத்து வாங்குவது நடந்ததைத் தலைகீழாக எழுதிவைப்பதாகும். அப்படிப்பட்ட தாள் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு மேலே ‘மருத்துவர் மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்னதால் போகிறோம்’ என்று ஒரு வரியும் நேரமும் எழுதிவிட்டுப் போடலாம். அதை யாரும் தடுக்க முடியாது. உண்மையிலேயே லாமா என்றாலும், போனால் என்ன ஆகும் என்று புரியும்படி சொல்லி, இதுவரை செய்த சிகிச்சையின் சுருக்கத்தைக் கையில் கொடுக்க வேண்டிய கடமை ஆஸ்பத்திரிக்கு இருக்கிறது.

அனுப்பும் சீட்டில் இருக்க வேண்டியவை: கடிபட்ட அல்லது அடிபட்ட நேரம், வந்த நேரம், வந்தபோது இருந்த நிலை, செய்த சோதனையும் முடிவும், கொடுத்த மருந்தும் அளவும் கொடுத்த நேரமும், ஏன் அனுப்புகிறார்கள், அங்கே யாரிடம் பேசினார்கள், மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து. ‘பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு’ என்று இரண்டு சொல்லோடு வரும் சீட்டை வைத்துக்கொண்டு ஹைகிரவுண்டில் இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முன்னால் எத்தனை குப்பி போனது என்று தெரியாமல் அடுத்த தவணையை எப்படி முடிவு செய்வார்?

விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் எல்லாம் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகலைத்தான் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறோம். காப்பீட்டுக்கும் வழக்குக்கும் அதுவே அடித்தளம். காயத்தின் நீளம், ஆழம், இடம், யார் கூட்டி வந்தது, என்ன நடந்ததாகச் சொன்னார்கள் என்பதை மருத்துவர் உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும். ‘பேரை மாத்தி எழுதுங்க’, ‘விழுந்துட்டார்னு போடுங்க’ என்று உறவினர் நெருக்குவது உண்டு. அதற்கு மருத்துவர் இணங்கினால் பொய்ப் பதிவு செய்த பழி அவர் மேல்தான் விழும்.

சம்மதம்: என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்?

2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாக வகுத்தது. 44 வயதுப் பெண் ஒருவர், என்ன கோளாறு என்று உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. நோயாளி வயதுவந்தவர், புத்தி தெளிந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அப்படியானால் அவர் விழிக்கும் வரை காத்திருந்து அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவது:

1. கையெழுத்து போட வேண்டியவர் நோயாளி. 18 வயது நிரம்பாதவர், நினைவில்லாதவர் என்றால் மட்டுமே பெற்றோரோ பொறுப்பாளரோ. நம் ஊரில் மனைவிக்கு ஆபரேஷன் என்றால் தாள் தானாகவே கணவர் கைக்குப் போகிறது. அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

2. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற ஐந்தையும் சொல்லியிருக்க வேண்டும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய விளைவையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

3. அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் தாளில் அம்பாசமுத்திரத்துப் பாட்டியின் பெருவிரல் ரேகை இருப்பதால் மட்டும் சம்மதம் நிறைவேறிவிடாது. தமிழில் வாசித்துக் காட்டியவரின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.

4. சேரும்போதே வெற்றுத்தாளில் வாங்கி வைக்கும் பொதுக் கையெழுத்து, பிறகு செய்யும் ஆபரேஷனுக்குச் செல்லாது.

5. நினைவில்லாமல், கூட யாரும் இல்லாமல் கொண்டுவரப்பட்டவருக்குச் சம்மதமே தேவையில்லை. உயிர் காக்கும் சிகிச்சையை நல்லெண்ணத்தோடு செய்யலாம். சட்டம் அந்த மருத்துவரைப் பாதுகாக்கிறது.

கருக்கலைப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து கேட்பது சட்டத்தில் இல்லாத ஒன்று. கேட்பவர்கள் பலர், அதனால் காலம் தள்ளிப்போய்ச் சட்டம் அனுமதிக்கும் வார வரம்பைத் தாண்டிவிடும் பெண்களும் இருக்கிறார்கள்.

ரகசியம் வார்டு வாசலோடு முடிவதில்லை

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டது நினைவிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அதிகாரிகளே வந்து லாரிகளில் திரும்ப ஏற்றிச் சென்றார்கள். கழிவு எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தவற்றில் நோயாளிகளின் விவரங்கள் இருந்த தாள்களும் சேர்த்தி. ஊசி, பஞ்சு பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஒருவரின் பெயரும் நோயும் அடுத்த மாநிலத்து வயல் வரப்பில் கிடந்தது அதற்குக் குறைந்த மீறல் இல்லை.

நோயாளி சொன்னதும், சோதனையில் தெரிந்ததும் அவருடைய சொத்து. நீதிமன்றம் கேட்டால், அறிவிக்கத்தக்க நோய் என்றால், அல்லது குறிப்பிட்ட ஓர் ஆளுக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்லலாம். எச்.ஐ.வி. என்றால் 2017-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனையும் கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுவதும் வெளியிடுவதுதான். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை.

வெட்டுக்காயத்தோடு வந்தவரைக் காயக்கட்டுக்கு முன்னால் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் ஊழியர், வைரலாகும் வரை அதை ஒரு தப்பாக நினைப்பதில்லை. முதல் ஆளுக்கு அனுப்பிய நொடியிலேயே மீறல் முடிந்துவிட்டது.

தப்பு நடந்தால்: எது கவனக்குறைவு, எது இல்லை?

சிகிச்சை பலிக்காமல் போவதெல்லாம் கவனக்குறைவு ஆகாது. அதே நிலையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதுதான் அளவுகோல். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்கு அப்பட்டமான பெருங்கவனக்குறைவு இருக்க வேண்டும், வழக்கு தொடரும் முன் வேறொரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும் என்றது. மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு பொருந்தும். மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை, பதிவு பெற்ற மருத்துவருக்குச் சிகிச்சையின்போது நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை.

மருந்து மாறிப்போவது வேறு வகை. டைபாய்டு வந்த குழந்தைக்கு ‘குளோராம்பெனிகால்’ போட வேண்டிய இடத்தில் செவிலியர் ‘குளோரோகுயின்’ போட்டார். இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டது. 1998-இல் அந்த வழக்கில் ஆஸ்பத்திரியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு பெயரும் வாய்ச்சொல்லில் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன பாருங்கள். அதனால்தான் விதி இப்படி: வாய்மொழி உத்தரவு அவசரத்துக்கு மட்டும். கேட்டவர் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். குப்பியின் லேபிளை எடுக்கும்போது, ஏற்றும்போது, வைக்கும்போது என்று மூன்று முறை படிக்க வேண்டும். மருத்துவர் தெளிவாக, முடிந்தவரை பெரிய (கேபிடல்) எழுத்தில், மருந்தின் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான். சீட்டு புரியவில்லை என்றால் மருந்தாளுநர் ஊகித்துக் கொடுக்கக் கூடாது, எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

எங்கே போவது?

1. தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு, வசதிக்குறைவு பற்றி: மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். ‘ஜே.டி. ஆபீஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

2. மருத்துவரின் நடத்தை பற்றி: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். நஷ்டஈடு கிடைக்காது, அவர் பதிவின் மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

3. நஷ்டஈடு வேண்டுமென்றால்: மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட அளவிலேயே முடியும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் போட வேண்டும்.

4. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பது, செவிலியரை அடிப்பது இந்தப் பட்டியலில் இல்லை. 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி அது குற்றம். அதோடு, கேள்வி கேட்க வேண்டிய குடும்பமே குற்றவாளிக் கூண்டில் போய் நிற்கும்.

கேஸ் ஷீட் வாங்குவது எப்படி?

எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்பது சிகிச்சை ஆவணங்களைத்தான். 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பில் பாக்கியைக் காட்டித் தாளை நிறுத்திவைக்க இந்த விதியில் இடமில்லை. உடலையோ ஆளையோ பிணையாக நிறுத்திவைக்கவும் கூடாது. பாக்கியை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது.

வாயால் கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். எழுதிக் கேட்க வேண்டும். நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, போன தேதி, பிறகு வேண்டியவை ஒவ்வொன்றும்: கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, மருந்து ஏற்றிய பட்டியல், சம்மதத் தாள், ஆபரேஷன் குறிப்பு, லேப் முடிவுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம். ‘எல்லா ஆவணங்களும்’ என்று மட்டும் எழுதினால் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். செவிலியர் குறிப்பை விடாமல் கேளுங்கள். மருத்துவர் எத்தனை மணிக்கு வந்தார், மருந்து எத்தனை மணிக்கு ஏறியது என்பது அதில்தான் நேரத்தோடு இருக்கும்.

மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதி, நேரத்தோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே பாளையங்கோட்டைத் தலைமைத் தபால் நிலையத்திலோ உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலோ சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 72 மணி நேரம் அந்த முத்திரையிலிருந்தோ ஒப்புகையில் உள்ள தேதியிலிருந்தோ எண்ணப்படும்.